‘சூ’ என்ற ஒரு சொல்: ஒரு நாயும் பன்னிரண்டு கோழிகளும்

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூரை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து ஜனவரி மாதக் கடைசி வாரத்தில் எனக்கு அழைப்பு வந்தது. வீட்டு நாய் இரண்டு வாரத்துக்குள் நான்கு கோழிகளைக் கொன்றுவிட்டது என்றும், அதைத் திருத்த முடியுமா, முடியாதென்றால் யாரிடமாவது கொடுத்துவிட வேண்டுமா என்பதை மட்டும் நேரில் பார்த்துச் சொன்னால் போதும் என்றும் அந்த வீட்டுப் பெரியவர் கேட்டார். நாய்ப் பயிற்சியாளனாக எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். முடிவைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, அதற்கு ஒப்புதல் கேட்பார்கள். வீட்டாரின் அனுமதியோடு, பெயர்களைத் தவிர்த்து, அடுத்த பதினான்கு வாரங்களில் நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

வீடும் விலங்குகளும்

தாத்தா, ஆயா, கத்தரி பயிரிடும் மகன், மருமகள், பிளஸ் ஒன் படிக்கும் பேரன், ஆறாம் வகுப்புப் பேத்தி என ஆறு பேர் வாழும் வீடு அது. வீட்டின் பின்புறம் ஏறத்தாழ 40 அடி நீளமும் 25 அடி அகலமும் உள்ள மண் தரை; ஒரு மூலையில் புங்க மரம், எதிர் மூலையில் ஓலை வேய்ந்த கோழிக்கூண்டு. இரண்டுக்கும் நடுவே, நெல்லோ மல்லாட்டையோ காய வைப்பதற்கான சாணம் மெழுகிய களம். பின்வேலிக்கு அப்பால் அறுவடை முடிந்த நிலம் திறந்து கிடந்தது. இந்த அமைப்பைச் சொல்லக் காரணம் உண்டு. நாய் படுக்கும் மரத்தடியிலிருந்து பார்த்தால், களத்துக்கு வரும் ஒவ்வொரு கோழியும் மேடையில் வந்து நிற்பதுபோல் தெரியும்.

நாய் இரண்டரை வயதுப் பெண், சிப்பிப்பாறைக் கலப்பு, 19 கிலோ எடை. செவலை நிறம் என்பதால் பெயரும் செவலைதான். இரண்டு மாதக் குட்டியாக உறவினர் வீட்டிலிருந்து வந்தபோது இந்த வீட்டில் கோழிகள் கிடையாது. அவை வந்து பத்து மாதங்கள்தான் ஆகின்றன. நாய்க்குட்டி தன்னைச் சுற்றியுள்ள உயிர்களை இயல்பானவை என்று ஏற்றுக்கொள்ளும் பருவம், பிறந்த மூன்றாம் வாரத்தில் தொடங்கி ஏறத்தாழ பதினான்காம் வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்தப் பருவத்தில் செவலை ஒரு கோழியைக்கூட அருகில் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு, சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் இனம். முயலைத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டது. கோழிகள் சிறுவிடை வகை நாட்டுக்கோழிகள். எஞ்சியவை பதினொரு பெட்டைகளும் ஒரு சேவலும். உருவில் சிறியவையாகவும், சட்டென்று ஓடுபவையாகவும், பறப்பவையாகவும் இருப்பதால், துரத்தும் நாய்க்கு இவற்றைவிடப் பொருத்தமான இலக்கு அமைவது கடினம்.

நான் போவதற்கு முன்பே இரண்டு வைத்தியங்கள் நடந்து முடிந்திருந்தன. செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டி ஒரு நாள் முழுக்கத் திரியவிடும் பழைய வழக்கத்தை முதலில் தாத்தா செய்து பார்த்திருக்கிறார். கூடவே இரண்டு அடியும் விழுந்திருக்கிறது. அதன்பின் தாத்தா களத்தில் இருக்கும் நேரமெல்லாம் செவலை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அவர் கடைத்தெருவுக்குப் போன மூன்றாம் நாள், நான்காவது கோழியைப் பிடித்தது. கோழியைத் தொட்டால் வலிக்கும் என்ற பாடத்தை அது கற்கவில்லை. தாத்தா இருந்தால் வலிக்கும் என்பதைத்தான் கற்றது. இரண்டாவது வைத்தியம் சங்கிலி. புங்க மரத்தில் நான்கு முழச் சங்கிலியில் பகல் முழுவதும் கட்டிப்போட்டார்கள். 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், குட்டையான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதை வதை என்றே வகைப்படுத்துகிறது என்பது ஒரு புறம் இருக்கட்டும். எட்டாத தூரத்தில் கோழிகள் கிளறிக்கொண்டு நடமாட, கட்டப்பட்ட நாய் எட்டு மணி நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தால், அதன் வேட்கை தணியுமா, ஏறுமா என்று யோசித்தாலே போதும். மரத்தைச் சுற்றி அரைவட்டமாகப் பறிக்கப்பட்டிருந்த மண்ணே அதற்கு விடையாக இருந்தது.

முதல் நாள் கண்டது

முதல் நாள் நான் எதையும் செய்யவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கைபேசியில் பதிவு மட்டும் செய்தேன். மார்புப் பட்டையும் 10 மீட்டர் கயிறும் போட்டுப் பேரன் நாயைப் பிடித்துக்கொள்ள, கோழிகளிடமிருந்து எவ்வளவு தூரத்தில் அதன் உடல் எப்படி மாறுகிறது என்று குறித்தேன். 12 மீட்டரில் காதுகள் முன்னால் வந்தன. தொங்கிக்கொண்டிருந்த நாக்கு உள்ளே போய் வாய் மூடியது. 8 மீட்டரில் வால் அசைவற்று நின்றது. முன்னங்கால் ஒன்று தரையை விட்டு உயர்ந்தது. அந்த நிலையில் பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பவில்லை, மூக்கருகே ஈரல் துண்டைக் காட்டினாலும் முகரவில்லை. 5 மீட்டரில் பாய்ந்தது. உணவை ஏற்க மறுக்கும் தூரமே நாய் நம் கையை விட்டுப் போகும் தூரம். ஆகவே பயிற்சி அதற்கு வெகு முன்னால், 15 மீட்டரில் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். களம் அவ்வளவு நீளமில்லை என்பதால், முதல் மூன்று வாரங்களும் பின்வேலிப் படலைத் திறந்து வைத்து நிலத்தில் நின்றுதான் நடந்தன.

அன்று மாலை நான்கு மணிக்கு நடந்ததுதான் இந்த நிகழ்வின் திறவுகோல். களத்தில் காய்ந்துகொண்டிருந்த நெல்லைக் கோழிகள் கிளற வந்தன. ஆயா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை வீசி, “சூ! சூ!” என்று விரட்டினார். மரத்தடியில் அதுவரை கண்ணை மூடிக் கிடந்த செவலை, ஒரே துள்ளலில் சங்கிலி விறைக்க நின்றது. கோழிகளைப் பார்ப்பதற்கு முன்பே அது எழுந்துவிட்டது என்பதைப் பதிவை மூன்று முறை ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அதை எழுப்பியது அந்தச் சொல்.

விசாரித்தபோது கதை தெளிவானது. குட்டியாக இருந்த காலத்தில், மாடியில் வற்றல் காயும்போது காக்கையை ஓட்டவும், கத்தரித் தோட்டத்தில் நுழையும் ஆடுகளை விரட்டவும் செவலையை “சூ” என்று ஏவி விடுவார்கள்; ஓட்டி முடித்துத் திரும்பினால் தட்டிக்கொடுத்துத் தின்ன ஏதாவது தருவார்கள். நம் மொழியில் நாயை ஏவுவதற்கும் கோழியை விரட்டுவதற்கும் ஒரே சொல்தான். மனிதர்களுக்குக் குழப்பமில்லை, முதலாவது நாயிடம் சொல்லப்பட்டது, இரண்டாவது கோழியிடம் சொல்லப்பட்டது என்பது நமக்குத் தெரியும். நாய்க்கு எப்படித் தெரியும்? கோழிகள் வந்த நாள் முதலாக, ஆயா நாள் ஒன்றுக்கு இருபது முப்பது முறை அதனிடம், அது புரிந்துகொண்ட வரையில், ‘அந்தப் பறவையைத் துரத்து’ என்று கட்டளையிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். முதல் மூன்று கோழிகள் இறந்தபோதும் களத்தில் ஏதாவது காய்ந்துகொண்டிருந்ததா என்று கேட்டேன். மருமகள் சற்று யோசித்துவிட்டு, ஆமாம் என்றார்.

இன்னொரு வழக்கமும் வெளிப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோழி அறுப்பது அதே களத்தின் ஓரத்தில். தலை, கால், குடல் எல்லாம் அங்கேயே நாய்க்கு எறியப்படும். ரத்த ருசி கண்ட நாய் திருந்தாது என்று ஊரில் சொல்வதை நான் ஏற்பதில்லை. வேட்டை என்பது ஒரே செயலாகத் தோன்றினாலும், கவனித்தல், உற்று நோக்குதல், பதுங்கி நகர்தல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல், கிழித்தல், தின்னுதல் என்ற தனித்தனிக் கண்ணிகளின் சங்கிலி அது என்பதை ரேமண்ட் காப்பிங்கர் என்ற அமெரிக்க உயிரியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். மந்தை மேய்க்கும் நாயிடம் கவ்வுவதற்கு முன்பே சங்கிலி அறுந்துவிடுகிறது. சிப்பிப்பாறை போன்றவற்றிடம் பதுங்குதல் சுருங்கி, பார்த்தலும் துரத்தலும் ஏறக்குறைய ஒட்டிக்கொள்கின்றன. துரத்துவதே அவற்றுக்குப் போதிய இன்பம். இறந்த நான்கு கோழிகளில் ஒன்றைக்கூடச் செவலை தின்னவில்லை என்பதே, அதைத் தூண்டியது பசியோ ருசியோ அன்று என்பதற்குச் சான்று. ஆனால் அறுக்கும்போது கோழி சிறகடித்துத் துடிப்பதையும், அடுத்த நொடியே தனக்கு உணவு விழுவதையும் வாரம் தவறாமல் பார்த்த நாய்க்குச் சிறகடிப்பின் ஓசையே அழைப்பு மணியாகிவிடும். ஆகவே அறுப்பதை வீட்டின் முன்பக்கத்துக்கு, நாயின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடத்துக்கு மாற்றச் சொன்னேன்.

வீட்டாருக்கான பயிற்சி

முதல் பத்து நாட்கள் நாயைக் கோழிகளுக்கு முன் கொண்டுவரவே இல்லை. சங்கிலியை அவிழ்த்துவிட்டு, களத்துக்கும் மரத்தடிக்கும் நடுவே ஆறடி உயரத்துக்கு நைலான் வலை கட்டி, அதன் கீழ்ப் பாதியைத் தென்னங்கீற்றுத் தட்டியால் மறைத்தோம். மறைப்பில்லாத வெறும் வலை, சங்கிலி செய்த அதே கெடுதலைத்தான் செய்யும். விடியற்காலையில் பேரன் செவலையை உத்திரகாவேரி ஆற்றின் காய்ந்த மணலுக்குக் கூட்டிப்போய், நீளக் கயிற்றோடு அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். ஓடப் பிறந்த நாயை ஓடவிடாமல் வைத்துக்கொண்டு அடக்கம் கற்பிப்பது வீண் வேலை.

சொற்களைச் சீர்செய்வதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. பேத்தி ‘சிட்’ என்பாள்; மகன் ‘உட்காரு’ என்பார்; ஆயா ‘குந்து’ என்பார். மூன்றுக்கும் நாய் அரைகுறையாகவே பணிந்தது. எல்லாரும் ஆயாவின் சொல்லையே எடுத்துக்கொள்வது என்று முடிவானது; எழுபது வயதுக்கு மேல் அவரை மாற்றுவதைவிடப் பதினோரு வயதுப் பெண்ணை மாற்றுவது எளிது என்பது ஒரு காரணம்; பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான் என்பது மற்றொன்று. எதையாவது கவ்வியிருந்தால் விடுவதற்கு ‘உடு’. ‘சூ’ மட்டும் அந்த வீட்டின் எல்லைக்குள் யாரும், எதற்கும் சொல்லக்கூடாத சொல் ஆயிற்று.

தடை விதிப்பது எளிது. அந்த இடத்தில் வேறொன்றை வைக்காவிட்டால் நாக்கு பழைய சொல்லையே தேடும். முதல் மூன்று நாட்களில் ஆயா எண்ணற்ற முறை தவறினார். பிறகு ஒரு பால்பவுடர் டப்பாவில் கைப்பிடி கேழ்வரகைப் போட்டு அவர் மடிக்குப் பக்கத்தில் வைத்தோம். கோழிகள் நெல்லை நெருங்கினால் விரட்டக்கூடாது. டப்பாவைக் குலுக்கிக் கூண்டின் பக்கம் நாலு மணியை வீச வேண்டும். மூன்றே நாளில் கோழிகள் டப்பாச் சத்தம் கேட்டதும் களத்தை விட்டுக் கூண்டுக்கு ஓடின. விரட்டுவதைவிட அழைப்பது விரைவாக வேலை செய்ததைப் பார்த்தபின் ஆயாவுக்கு என் மேல் இருந்த ஐயம் பாதி குறைந்தது.

மீதிப் பாதி ஈரலைப் பற்றியது. உப்பில்லாமல் வேகவைத்துச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிய கோழி ஈரலைத்தான் நான் பரிசாகப் பயன்படுத்துவேன்.

“இன்னா தம்பி, கோழியத் துன்னாதன்னு சொல்றதுக்குக் கோழி ஈரலயே குடுக்கற?” என்று ஆயா கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். வெந்த ஈரலின் மணத்தையும் ஓடும் கோழியின் உருவத்தையும் நாய் ஒன்றாக முடிச்சுப் போடுவதில்லை என்று விளக்கினேன். அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் மறுநாள் ஈரலை வேகவைத்துத் தயாராக வைத்திருந்தார்.

தூரத்தைக் குறைத்தல்

பதினோராம் நாள் நேரடிப் பயிற்சி தொடங்கியது. முறை சுருக்கமானது. 15 மீட்டரில் நாய் நிற்கும். அது கோழியைப் பார்த்த கணத்தில், பேரன் தாழ்ந்த குரலில் ‘சரி’ என்று சொல்லிவிட்டு ஈரலைத் தருவான். பார்ப்பதற்குத் தண்டனை கிடையாது. பார்த்தவுடன் நல்லது வருகிறது. ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம், காலையும் மாலையும். ஆறாவது நாள், பேரன் ‘சரி’ என்று சொல்வதற்கு முன்பே, செவலை கோழியைப் பார்த்துவிட்டுத் தானாகத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தது. கோழி அதுவரை ‘துரத்து’ என்று பொருள்பட்ட இடத்தில் ‘பையனைப் பார்’ என்று பொருள்படத் தொடங்கியதற்கு அதுவே முதல் அடையாளம். அதன்பின் இரண்டு நாளைக்கு ஒரு மீட்டர் வீதம் நெருங்கினோம்.

மரத்தடியில் விரித்த கோணிச்சாக்கில் படுக்கும் பழக்கத்தைத் தனியாகக் கற்பித்தோம். இதில் எதிர்பாராத உதவி டப்பாவிடமிருந்து வந்தது. டப்பா குலுங்கும்போதெல்லாம் நாய் சாக்கில் இருந்தால் அதற்கும் ஈரல் என்று வைத்ததில், நான்காம் வாரத்தில் அந்தச் சத்தம் கோழிகளைக் கூண்டுக்கும் நாயைச் சாக்குக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. எதிரெதிர் திசையில் இரு தரப்பும் ஓடுவது வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஐந்தாம் வாரத்தில் சறுக்கினோம். 7 மீட்டரில் நாய் அமைதியாக இருந்ததைக் கண்டு தைரியம் பெற்ற பேரன், நான் இல்லாத ஒரு மாலையில் 4 மீட்டருக்குப் போயிருக்கிறான். அந்நேரம் சேவல் ஒரு பெட்டையின் மேல் ஏற, அது சிறகடித்துத் திமிறி ஓட, செவலை பாய்ந்தது. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்ததால் கோழி பிழைத்தது. பையனின் வலது உள்ளங்கையில் சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் வரை தோல் உரிந்து கோடு விழுந்தது. கயிற்றைக் கையில் சுற்றாதே, மடித்துப் பிடி, முடிச்சுகளைப் போட்டு வைத்துக்கொள் என்று முதல் நாளே அழுத்திச் சொல்லாதது என் தவறு. அதைவிடப் பெரிய தவறு, நிற்கும் கோழியையும் மேயும் கோழியையும் மட்டும் வைத்துப் பழக்கிவிட்டு, தூரம் குறைவதையே முன்னேற்றம் என்று நான் கணக்கிட்டது. நாயின் கண்ணுக்கு மேயும் கோழியும் சிறகடித்து ஓடும் கோழியும் வெவ்வேறு உயிர்கள். இரட்டிப்புத் தூரத்துக்குப் பின்வாங்கி, தானியம் வீசிக் கோழிகளை ஓடவைத்து, கூடையைக் கவிழ்த்துச் சிறகடிக்கவைத்து, அசைவுக்கென்றே தனியாக மூன்று வாரம் பயிற்சி தந்தோம்.

அந்த வாரங்களில் கோழிகளின் உடல்நலத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் முற்றிய கோழி கழுத்து திருகித் தடுமாறி விழும். பழகிய நாயைக்கூட அந்தத் தடுமாற்றம் தூண்டிவிடும். கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்திய தடுப்பூசி முகாமில் பன்னிரண்டுக்கும் ஊசி போடப்பட்டது. ராணிக்கெட் என்பது இமயமலை அடிவார மாநிலத்தில் உள்ள ஊர். நம் பக்கத்தில் பலரும் அது ராணிப்பேட்டை நோய் என்றே நினைத்திருக்கிறார்கள். அந்த நோய்க்கான தடுப்பு மருந்தைத் தயாரிக்கும், 1932-இல் தொடங்கிய கால்நடை மருந்து நிலையம் ராணிப்பேட்டையில் இருப்பதும் இந்தக் குழப்பத்துக்குத் துணைபோயிருக்கலாம். நாய்க்கு வெறிநாய்க்கடி தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் காலம் கடந்திருந்தன, அவையும் முடிந்தன. கோழி எச்சத்தை நாய் தின்றால் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதன் வழியாக வீட்டுப் பிள்ளைகளுக்கு வர வாய்ப்புண்டு என்பதால், களத்தை நாளும் பெருக்குவதும், நாயைத் தொட்டபின் கை கழுவுவதும் பேத்தியின் பொறுப்பாயின.

பதினான்காம் வாரம்

ஏப்ரல் நடுவிலிருந்தே வெயில் பயிற்சி நேரத்தைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. காலை ஏழு மணிக்கு மேல் மூச்சிரைக்கும் நாயிடம் கவனத்தை எதிர்பார்க்க முடியாது. பன்னிரண்டாம் வாரத்தில் கயிற்றைக் கையிலிருந்து விட்டுத் தரையில் இழுபடவிட்டோம். பதினான்காம் வாரம், அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருந்த ஒரு மாலையில், செவலை கயிறில்லாமல் சாக்கில் படுத்திருக்க, ஒரு பெட்டை அதன் வாலுக்கு ஒன்றரை மீட்டர் தள்ளிப் புழுதியில் புரண்டு குளித்ததைப் பார்த்தேன். நாய் தலையைத் திருப்பிப் பார்த்தது, உதட்டை நக்கிக்கொண்டது, பெருமூச்சு விட்டுத் தாடையைத் தரையில் வைத்தது. வாய் திறந்தே இருந்தது.

அதே மாலையில் தண்ணீர்த் தொட்டியில் ஒரு காக்கை வந்து உட்கார, ஆயா தன்னை மறந்து “சூ!” என்றுவிட்டார். செவலை எழுந்து நின்றது. முன்னங்கால் உயர்ந்தது, வால் நின்றது. மூன்று மாதங்களுக்கு முன் நான் பதிவு செய்த அதே நிலை. ஆயா கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் டப்பாவைத் தேடிக் குலுக்கினார். நாய் நின்ற இடத்திலேயே சில நொடிகள் நடுங்கியது. பிறகு மெல்ல வந்து சாக்கில் குந்தியது, படுக்கவில்லை. அது முழுதாக அடங்க நெடுநேரம் பிடித்தது. பழைய பொருள் அழிந்துவிடவில்லை; அதன் மேல் புதியது ஒன்று எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

அதனால் தட்டி கட்டிய வலையை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் பெரியவர் ஒருவராவது களத்தில் இருக்கும்போது மட்டும் வலையின் கதவு திறக்கலாம். யாரும் இல்லாத நேரத்தில், எத்தனை மாதம் நல்ல பெயர் வாங்கியிருந்தாலும், நாயும் கோழியும் ஒரே பக்கம் இருக்கக் கூடாது. இதைத் தாத்தா உடனே ஏற்றுக்கொண்டார். இப்போது அவர் களத்துக்கு வந்தாலும் செவலை கொட்டகைக்குப் பின்னால் ஓடுவதில்லை, ஆனால் அவர் கையிலிருந்து மட்டும் இன்னும் எதையும் வாங்குவதில்லை.

குஞ்சுகளிடம் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. நான் கிளம்பிய அன்று ஒரு பெட்டை ஒன்பது முட்டைகளோடு அடையில் உட்கார்ந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. இருபத்தோராம் நாளையொட்டிக் குஞ்சு பொரியும். இரண்டு மாதம் அவை கோழிக்கூடைக்கு அடியிலும் வலைக்கு அப்பாலும்தான் இருக்க வேண்டும். குஞ்சின் கீச்சுக் குரலுக்கு மறுபடியும் 15 மீட்டரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்று பேரனிடம் சொன்னேன். அவன் கயிற்றை எடுத்து, பழைய முடிச்சுகளை இறுக்கிவிட்டு, கூடுதலாக இரண்டு போட்டுக்கொண்டிருந்தான்.